கடைசி நாலு நிமிஷக் கொசுறு

1

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டே முக்காலுக்கு, சாண்ட்விச் தின்றுகொண்டிருந்த நான்கு பேர் முன்னால் நான் ஒரு பொய் சொன்னேன். நாங்கள் தாம்பரத்திலிருந்து இங்கிலாந்துக்கு வந்து எட்டு வருடம் முடிந்த வாரம் அது. அதற்கு முன்பும் இங்கே பொய் சொல்லியிருக்கிறேன். பக்கத்து வீட்டம்மா சுட்ட கேக் பிரமாதம் என்றிருக்கிறேன். இன்றைக்கு வெயில் பரவாயில்லை என்று குடைக்குள் நின்றபடி சொல்லியிருக்கிறேன். இந்த ஊரில் அதற்கெல்லாம் மரியாதை என்று பெயர். இது வேறு ரகப் பொய்.

லீட்ஸ் நகரத்தில், கார் நிறுத்துமிடங்களில் சீட்டு கொடுக்கும் இயந்திரங்களுக்கு மென்பொருள் செய்கிற சின்னக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். மென்பொருளை எழுதுவது மற்றவர்கள். அதில் தப்பு கண்டுபிடிப்பது நான். பிறவிக் குணத்துக்குச் சம்பளமும் கிடைக்கிறதே என்பாள் என் மனைவி ஹெலன்.

என் பக்கத்து மேஜைக்காரர் கீத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. அறுபது, எழுபதுகளின் ஆங்கில ராக் இசையில் அவருக்குத் தெரியாதது கிடையாது என்பது ஆபீஸில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அவர் ஒரு சபை நடத்துகிறார். என்னோடு சேர்த்து ஐந்து பேர். வாரம் ஒருவர் ஒரு பாட்டு கொண்டுவர வேண்டும். ரேடியோவில் தேய்ந்த பாட்டு கூடாது. ஆல்பத்தின் மூலையில் கிடந்தது, சிங்கிள் இசைத்தட்டின் பின்பக்கத்தில் இருந்து யாரும் திருப்பிப் போடாதது, அப்படிப்பட்ட பாட்டுதான் வேண்டும். கொண்டுவருபவர் குழுவின் பெயர், வருடம், எந்தப் பக்கம் ஆகிய மூன்றையும் சொல்ல வேண்டும்.

அந்தச் சபையில் இடம் கிடைக்க எனக்கு ஏழு வருடம் ஆனது. குடியுரிமை அதற்கு முன்பே கிடைத்துவிட்டது. குடியுரிமைக்கு ஒரு தடித்த விண்ணப்பம், ஒரு பரீட்சை, நாட்டை விட்டு வெளியே இருந்த நாட்களின் பட்டியல் ஆகியவை போதும். கீத்துக்கு அதெல்லாம் போதாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் நம் ஊர் வழக்கப்படி, "ஐ ஹேவ் எ டவுட்" என்று அவரிடம் போய் நின்றேன். அவர் எழுதிய நிரலைச் சந்தேகப்படுகிறேன் என்று எடுத்துக்கொண்டு மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.

சபையில் எனக்கு மூன்று முறை வாய்ப்பு வந்தது. மூன்று முறையும் பாட்டு ஆரம்பித்துப் பத்து விநாடிக்குள் கீத் கண்ணை மூடிக்கொண்டு குழு, வருடம், பக்கம், பாட்டைப் பதிவு செய்த அன்று டிரம்மருக்குப் பல்வலி என்பது வரை சொல்லிவிட்டார். நாலாவது முறை என்ன ஆனாலும் அவர் வாயை அடைக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். என் பழைய காரிலிருந்து ஒரு கேசட்டை எடுத்துவந்து, பி சைடு கடைசிப் பாட்டைப் போட்டேன்.

ஒரு கிட்டார். ஒரு ஆண் குரலின் முனகல். வார்த்தை கிடையாது. மூன்றாவது நிமிடத்தில் ராகம் மொத்தமாக ஒரு படி மேலே ஏறி, சற்று நேரம் அங்கேயே தத்தளித்துவிட்டு, மெதுவாகப் பழைய இடத்துக்கு இறங்கும்.

பாட்டு முடிந்தது. கீத் கண்ணைத் திறந்தார். "யார் இது?" என்றார்.

அவர் கேள்வி கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம், ஏனென்றால் எனக்கும் தெரியாது. ஆனால் ஜன்னல் வழியாக எதிரே ஒரு கம்பளக் கடையின் பலகை தெரிந்தது. ப்ரூக்ஸ்பி அண்ட் சன்ஸ்.

"தி ப்ரூக்ஸ்பி சன்ஸ்," என்றேன். "எழுபத்திமூன்று. வடக்கே ஏதோ ஒரு துறைமுக ஊர்க்காரர்கள். ஒரே ஒரு சிங்கிள்தான் போட்டார்கள். இது பி சைடு."

கீத் தாடையைத் தடவினார். "கேள்விப்பட்ட மாதிரிதான் இருக்கிறது," என்றார்.

2

இந்தத் திமிர் எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமென்றால் மேற்குத் தாம்பரத்துக்குப் போக வேண்டும்.

எங்கள் வீடு கிழக்கே, சேலையூர்ப் பக்கம். ரயில்வே ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் மார்க்கெட்டுக்குப் போகிற தெருவில், ஒரு பாத்திரக் கடைக்கும் ஒரு கண்ணாடிக் கடைக்கும் நடுவே, இரண்டு ஆள் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்கிற அகலத்தில் நசீர் பாயின் ரெக்கார்டிங் கடை. நமக்கு வேண்டிய பாட்டுகளை ஒரு துண்டுத் தாளில் எழுதி, காலிக் கேசட்டோடு கொடுத்துவிட்டு வர வேண்டும். நாலு நாள் கழித்துப் போனால் பதிவு செய்து வைத்திருப்பார். மற்றக் கடைகளில் சினிமாப் பாட்டு. பாயிடம் அதோடு இங்கிலீஷ் பாட்டும் உண்டு. பர்மா பஜாரில் யார் எதை விற்றாலும் முதலில் பாய்க்குத்தான் தகவல் வரும்.

கேசட்டின் ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிடம். நாம் எழுதிக் கொடுக்கிற பாட்டுகள் என்றைக்கும் சரியாக நாற்பத்தைந்தில் முடியாது. கடைசியில் இரண்டு நிமிடமோ நாலு நிமிடமோ மிஞ்சும். மற்றக் கடைக்காரர்கள் அதைக் காலியாக விடுவார்கள், அல்லது பாதிப் பாட்டைப் போட்டுக் கழுத்தை அறுப்பார்கள். பாய்க்கு இரண்டும் ஆகாது.

"தம்பி, பி சைடுல மூணு நிமிசம் காலியா கீது. இன்னா போடறது?" என்பார்.

"எதாவது போடுங்க பாய்."

"எதாவதுன்னு ஒரு பாட்டு கெடையாதே."

பிறகு அலமாரியில் கைவிட்டு, மிஞ்சிய இடத்துக்கு அளவெடுத்த மாதிரி ஒரு பாட்டைத் தேடி எடுத்துப் போடுவார். கீரை வாங்கினால் கறிவேப்பிலை கொடுக்கிற மாதிரி அது கொசுறு. நான் எழுதிக் கொடுத்த பாட்டெல்லாம் ஊரே கேட்டுச் சலித்தவை. கொசுறாக வந்தவைதான் எனக்குப் பிடித்துப்போயின. ஒரு பெரிய குழுவின் ஆல்பத்தில் டிரம்மர் மட்டும் வெட்கப்பட்டுக்கொண்டு பாடிய பாட்டு. நாற்காலி கிறீச்சிடுகிற சத்தத்தைக்கூட வெட்டாமல் விட்ட ஒரு கிட்டார்த் துணுக்கு. பாடகர் நடுவில் சிரித்துவிட்டு, அப்படியே தொடர்கிற ஒரு பின்பக்கப் பாட்டு.

ஹிட் பாட்டு என்பது கல்யாண மேடையில் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி. எல்லோரும் விறைப்பாக இருப்பார்கள். பி சைடுப் பாட்டில் அதே ஆட்கள் பந்தியில் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுச் சாப்பிடுவார்கள். எனக்குப் பந்திதான் பிடித்திருந்தது.

இதைக் கற்றுக்கொண்ட கையோடு நான் ஒரு பெரிய மனிதனாகிவிட்டேன். கல்லூரியில் எவனாவது ஒரு பிரபலமான பாட்டை முணுமுணுத்தால் உதட்டைப் பிதுக்குவேன். எனக்கு ரசனை கொடுத்த பாயிடமே போய்க் குற்றம் கண்டுபிடிக்க ஆரம்பித்தேன். லேபிளில் வருடம் தப்பு என்பேன். இது ஸ்டுடியோப் பதிவு இல்லை, கச்சேரிப் பதிவு என்பேன். அவர் சலித்துக்கொள்ளவே மாட்டார். காதில் செருகியிருக்கும் பேனாவை எடுத்து, அடித்துவிட்டுத் திருத்தி எழுதுவார். "உன்னாண்ட பாஸ் ஆவறதுதான் தம்பி கஷ்டம்," என்பார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், அது பாராட்டும்தான்.

3

இரண்டாயிரத்து ஒன்றில் ஹெலனுக்கு இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தது. அவளுக்குத்தான் கிடைத்தது. விசா விண்ணப்பத்தில் என் பெயருக்கு எதிரே 'சார்ந்திருப்பவர்' என்ற கட்டத்தில் டிக் அடிக்க வேண்டியிருந்தது. மூன்று வயது மகள் ஷீபாவுக்கும் அதே கட்டம், அதே டிக். அவள் கிரேயானில் அடித்துவிட்டதால் புது விண்ணப்பம் வாங்க நுங்கம்பாக்கம் வரை போய்வந்தேன்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் பாயிடம் ஒரு கடைசிக் கேசட் கேட்டேன். நானே தேர்ந்தெடுத்த, யாரும் கவனிக்காத பாட்டுகளின் பட்டியல். தொண்ணூறு நிமிடக் கேசட். கூட்டிப் பார்த்துவிட்டு, "பி சைடுல நாலு நிமிசம் கீது," என்றார். வழக்கம்போல "எதாவது போடுங்க" என்றேன். அன்றைக்கு மட்டும் அவர் வழக்கமான பதிலைச் சொல்லவில்லை. "சரி," என்று தாளை மடித்து வைத்துக்கொண்டார்.

கேசட் வாங்கப் போனபோது மழை. சப்வேயில் தண்ணீர் நின்றதால் வண்டிகளெல்லாம் அந்தத் தெருவில் திரும்பி, ஒரே ஹாரன் சத்தம். பாய் கேசட் அட்டையை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு பாட்டுக்கும் குழு, வருடம், ஆல்பம் எல்லாம் நுணுக்கி எழுதியிருந்தார். பி சைடு கடைசிப் பாட்டுக்கு எதிரே மட்டும் ஒரு நீளக் கோடு.

"இது என்ன பாய்?"

"கொசுறு. மொதல்ல கேளு. கேட்டுட்டு எப்டி கீதுன்னு ஒரு வார்த்த சொல்லு. லெட்டர் போட்டாலும் சரிதான்."

"கண்டிப்பா பாய்."

லெட்டர் போட்டேன். அதை எழுதத்தான் எனக்குக் கை கூசுகிறது. இங்கே வந்த இரண்டாவது மாதம், வேலை இல்லாமல் பகலெல்லாம் வீட்டில் ஷீபாவுக்குப் பருப்பு மசித்துக்கொண்டிருந்த காலத்தில், ஏரோகிராம் என்கிற வெளிநாட்டுத் தபால் தாள் ஒன்றை வாங்கி நாலு பக்கமும் அடைத்து பாய்க்கு எழுதினேன். ஏ சைடு மூன்றாவது பாட்டு நான் கேட்ட பதிவு இல்லை. ஐந்தாவது பாட்டின் முதல் ஸ்வரம் வெட்டுப்பட்டிருக்கிறது. பி சைடில் ஒரு வருடம் தப்பு. அன்புடன், எபினேசர்.

கடைசிப் பாட்டைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. பிடிக்காததால் அல்ல. குற்றம் சொல்ல அதில் ஒன்றும் அகப்படவில்லை, எனவே எழுத ஒன்றுமில்லை என்று நினைத்துவிட்டேன். என் மூளை அப்படித்தான் வேலை செய்கிறது.

அந்தப் பாட்டை எட்டு வருடமாகக் கேட்கிறேன். முதல் வேலை நேர்முகத்துக்குப் போகும்போதும், அப்பா இறந்த செய்தி வந்த காலையில் டிக்கெட் எடுக்க ஓடும்போதும், ஷீபாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுத் திரும்பும்போதும் காரில் அதுதான் ஓடும். கேசட் போடுகிற பெட்டி இருக்கிறது என்பதற்காகவே அந்தக் காரை விற்காமல் வைத்திருக்கிறேன். ஹெலன் காரணம் கேட்டால் என்ஜின் நல்ல என்ஜின் என்பேன்.

இடையில் இரண்டு முறை ஊருக்குப் போனோம். பாய் கடைக்குப் போகவில்லை. ஒரு முறை தி.நகரிலேயே லீவு தீர்ந்துவிட்டது. இன்னொரு முறை ஆட்டோவில் அந்தத் தெரு வழியாகவே போனேன். ரெக்கார்டிங் பலகை போய், மொபைல் ரீசார்ஜ், ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ என்று புதுப் பலகை தொங்கியது. பெருங்களத்தூர் நெரிசலில் மாட்டிக்கொள்வதற்குள் அக்கா வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று டிரைவரை அவசரப்படுத்தினேன்.

4

பொய் சொன்ன மறு நிமிடமே கீத் வேலையை ஆரம்பித்துவிட்டார். மூன்றாவது நிமிடத்தில் ராகம் மேலே ஏறுகிறதே, அதை எப்படிச் செய்திருப்பார்கள் என்று கேட்டார். நான் அடக்கமாக இருந்திருக்கலாம். "அந்தக் காலத்து இளைஞர்களின் தவிப்பு அது. தரையிலிருந்து கால் எழும்பப் பார்க்கிறது, முடியாமல் திரும்புகிறது," என்று கையை மேலும் கீழும் ஆட்டி விளக்கினேன். மற்ற மூவரும் சாண்ட்விச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். எட்டு வருடத்தில் என் ஆங்கிலத்தை இவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை.

கீத்துக்கு ஒரு பிரதி வேண்டுமாம். அபூர்வமான சிங்கிள்களைப் பட்டியல் போட்டுப் பாதுகாக்கிற நண்பர் ஒருவர் அவருக்கு இருக்கிறார். அவருக்கு அனுப்ப வேண்டும், அடுத்த வெள்ளிக்கிழமைக்குள். நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் எந்த நாட்டுக் குடிமகனானாலும் தாம்பரத்துக்காரன்தான்.

சனிக்கிழமை காலையில் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும்படி ஷீபாவைக் கெஞ்சினேன். அவளுக்கு இப்போது பதினொரு வயது. தமிழ் புரியும். பதில் பாதி ஆங்கிலத்தில் வரும், தமிழில் பேசினாலும் வினைச்சொல்லோடு ஆங்கிலத்தை ஒட்டுவாள். கேசட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள், செத்த பல்லியைத் தூக்குகிற மாதிரி.

"இதுல ஷஃபிள் பண்ண முடியாதாப்பா?"

"முடியாது. வரிசையாத்தான் கேக்கணும்."

"ஹவ் சேட்," என்று ஒயரை மாட்டினாள். காதில் ஹெட்போனை வைத்துக்கொண்டு நாலு நிமிடம் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்திருந்தாள். முடியும்போது நெற்றி சுருங்கியது. கடைசிப் பகுதியை மட்டும் சத்தத்தைக் கூட்டி மறுபடி கேட்டாள்.

"அப்பா, இது இங்கிலாந்து பேண்டுன்னு சொன்னீங்க."

"ஆமா."

"அப்போ பெருங்களத்தூர் அத்தை வீட்டு ட்ரெயின் ஏன் இதுல வருது?"

ஹெட்போனை வாங்கி வைத்தேன். கிட்டாரின் கடைசித் தந்தி ஓய்ந்த பிறகு, என் காரின் பாழாய்ப்போன ஸ்பீக்கர் எட்டு வருடமாக எனக்குக் காட்டாத ஒரு மூலையில், எலக்ட்ரிக் ட்ரெயினின் ஹாரன் மெலிதாகக் கேட்டது. நான் இருபத்தைந்து வருடம் தினமும் கேட்ட ஹாரன். அதைத் தொடர்ந்து இரும்பு ஷட்டரை யாரோ தட்டுகிற சத்தம். பிறகு ஒரு குரல்:

"கட தொறந்துகீதா பாய்?"

டக்கென்று பதிவு நின்றது.

"ஹூ இஸ் கீதா?" என்றாள் ஷீபா.

5

பெருங்களத்தூரில் இருக்கிற கிரேஸ் அக்கா பள்ளிக்கூட ஆசிரியை. ரிட்டயராக இன்னும் மூன்று வருடம். சர்ச், பள்ளிக்கூடம், மாடித் தோட்டம் என்று நிற்க நேரமில்லாதவள். அன்றைக்கே அவளுக்குப் போன் செய்து, பாயைப் போய்ப் பார் என்றேன். எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். பொய்யை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னேன். அவள் மீதியை உடனே கண்டுபிடித்துவிட்டாள். முப்பது வருடம் பரீட்சை ஹாலில் நின்றவள்.

"யார்கிட்டயோ உளறிட்டே, அதான இப்ப அவசரம்?"

"போய்ப் பாரு அக்கா."

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவளிடமிருந்து போன் வந்தது. ஆபீஸ் படிக்கட்டுக்கு ஓடினேன்.

"எபி, அந்தப் பாட்டு போட்டவரு யாருன்னு தெரியுமா? நசீர் பாயேதான். கிட்டாரும் அவர்தான், பாடுனதும் அவர்தான்."

"பாயா?" என்றேன்.

"யாரோ காலேஜ்ல படிச்சவரு கிட்டார ரிப்பேருக்குக் குடுத்துட்டு வாங்க வரவே இல்லையாம். அத வச்சு ஆறு வருஷம் அவராவே பழகியிருக்காரு. வெள்ளிக்கிழமை தொழுகைக்கு அப்புறம் ஷட்டர பாதி இறக்கிட்டு வாசிப்பாராம். யாருக்கும் தெரியாது, வீட்டுலகூட. உன் கேசட்டுல போட்டதுதான் மொதத் தடவையாம்."

"அவரு ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ சரியா கேப்பியா? யாரோ வெள்ளைக்காரன் பாட்டுன்னு நெனச்சாதான நீ காதக் குடுப்ப. எபி, உன் லெட்டர அவரு பத்திரமா வச்சிருக்காரு. கல்லாப் பெட்டிக்குள்ள. எடுத்துக் காட்டினாரு. நான் நாலு பக்கமும் படிச்சேன். எனக்கு அவரு மூஞ்சியப் பாக்கவே கூச்சமா இருந்துச்சு."

எனக்கும் முகம் எரிந்தது. படிக்கட்டில் யாரும் இல்லை. இருந்தும் யாரோ பார்ப்பது போல வெட்கமாக இருந்தது. அவர் பாட்டை எடைபோட்டுச் சொல்ல ஊரிலேயே நான் ஒருவன்தான் அகப்பட்டிருக்கிறேன். எடை சொல்லாமலேயே விமானம் ஏறிவிட்டேன்.

6

வெள்ளிக்கிழமை வந்தது. முந்தின மூன்று நாளும் தப்பிக்க வழி தேடினேன். கேசட்டைக் கார் தின்றுவிட்டது என்று சொல்லலாம். ப்ரூக்ஸ்பி சகோதரர்கள் காப்புரிமைப் பிரச்சினை கிளப்புகிறார்கள் என்று சொல்லலாம். கடைசியில் ஒன்றும் சொல்லாமல் கேசட் அட்டையை எடுத்துக்கொண்டு போய் மேஜையில் வைத்தேன். நீளக் கோட்டைக் காட்டினேன். பாட்டு யாருடையது என்றும், நான் எதைப் பார்த்துப் பெயர் வைத்தேன் என்றும் சொன்னேன். நால்வரும் திரும்பி ஜன்னல் வழியாகக் கம்பளக் கடையைப் பார்த்தார்கள்.

இந்தச் சபையில் இனி எனக்கு இடமில்லை என்று தெரிந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். கீத் அட்டையை எடுத்துப் பார்த்தார். பிறகு இருமினார்.

"நான் கேள்விப்பட்ட மாதிரி இருக்கிறது என்றேன், இல்லையா?"

"ஆமாம்."

"அன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போய், எங்கே கேள்விப்பட்டேன் என்று என் மனைவியிடம் அரைமணி நேரம் விளக்கியிருக்கிறேன்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் சிரித்த பிறகு சிரித்தோம். அதன் பிறகு அவர் கேட்டது நான் எதிர்பார்க்காதது. "அந்த மனிதரிடம் பேச முடியுமா?"

தாம்பரத்தில் அப்போது சாயங்காலம் ஐந்தேகால். அக்கா கொடுத்த எண்ணை ஸ்பீக்கரில் போட்டேன். பின்னால் ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"பாய், நான் எபி பேசறேன். சேலையூர் எபினேசர்."

"ஆங், தம்பி. இன்னா, மூணாவது பாட்டு இன்னும் தப்பாவே கீதா?"

குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. பக்கத்தில் நாலு பேர் இருக்கிறார்கள், இங்கத்திக்காரர்கள், உங்கள் பாட்டைக் கேட்டவர்கள் என்றேன். மறுமுனையில் ஜெராக்ஸ் மெஷின் நின்றது.

கீத் முன்னால் சாய்ந்து, மூன்றாவது நிமிடத்தில் ராகம் ஏறுகிற ரகசியத்தைக் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"அதுவா. லோ வோல்டேஜ் தம்பி. எதிர் வூட்டுல தண்ணி மோட்டார் போட்டாங்க. ஸ்டெபிலைசர் வேற ரிப்பேரு. ரெக்கார்டிங்ல மெஷின் சொணங்கிச்சுன்னா, திருப்பிப் போடறப்ப வேகமா ஓடும், பாட்டு மேல ஏறும். மறுபடி வாசிக்கலாம்னு பாத்தா அதுக்குள்ள ஒரு ஆளு வந்து ஷட்டரத் தட்டிட்டான்."

மொழிபெயர்த்தேன். இளைஞர்களின் தவிப்பு பற்றி நான் நடத்திய பாடத்தை எல்லோரும் ஒரே நேரத்தில் நினைத்துக்கொண்டது முகங்களில் தெரிந்தது. நாகரிகமான தேசம், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இவருடைய வேறு பாட்டு இருக்கிறதா என்று கேள் என்றார் கீத்.

"பாய், வேற பாட்டு வாசிச்சு வச்சிருக்கீங்களான்னு கேக்கறாங்க."

"இல்ல தம்பி. ஒண்ணுக்கே பதில் வரல. நீ எல்லாத்தையும் எழுதிட்டு இத மட்டும் வுட்டுட்டியா, சரி, சொல்ற மாரி இல்ல போலன்னு நெனச்சுகினேன். கிட்டார சர்ச்சுக்காரங்க கேட்டாங்க, குடுத்துட்டேன்."

கீத் என்னைப் பார்த்தார். மற்ற மூவரும் பார்த்தார்கள். மழுப்பியிருக்கலாம். தமிழில் சொன்னது அவர்களுக்கு எப்படித் தெரியப்போகிறது? ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.

பிறகு போனைப் பார்த்துத் தமிழில் பேசினேன். "பாய், எட்டு வருஷமா அந்தப் பாட்டத்தான் கேக்கறேன். எங்கப்பா போனப்பகூட அதத்தான் கேட்டுட்டு இருந்தேன். ரொம்ப நல்லா இருக்கு பாய். உங்ககிட்ட அத நான் சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டது என் தப்பு."

அங்கே தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக் கடந்து போனது கேட்டது. யாரோ ரீசார்ஜ் என்றார்கள். இருப்பா என்றார் பாய். பிறகு போனுக்குத் திரும்பினார்.

"தம்பி, இத போன்ல சொன்னா பத்தாது. லெட்டர்ல எழுதிப் போடு. அந்த லெட்டர் பக்கத்துல வெக்கணும்."

7

எங்கள் பக்கத்துத் தபால் அலுவலகத்தில் ஏரோகிராம் இருக்கிறதா என்று நேற்று கேட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அதைக் கேள்விப்பட்டதே இல்லை என்றாள். சாதாரணத் தாளில் எழுதி உறை போட்டிருக்கிறேன். ஷீபா பக்கத்தில் வந்து நின்று, இவ்வளவுதானா என்று கேட்டாள். இவ்வளவுதான்.

அன்புள்ள நசீர் பாய் அவர்களுக்கு,

பி சைடு கடைசிப் பாட்டு மிக நன்றாக இருக்கிறது. மோட்டார் போட்ட இடமும் சேர்த்து. திருத்தம் எதுவும் இல்லை. அட்டையில் நீங்கள் போட்ட கோடு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. பாட்டின் பெயரை எழுதி அனுப்புங்கள்.

எபினேசர்.